கண்ணாடிக் குவளை

மலர்க்குழுவினர் என்னை அணுகி, கல்லூரி நாட்களைப் பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு கேட்டபொழுது மறுப்பதற்கு வாய் எழவில்லை. எழுதுவதற்குக் கையும் எழவில்லை. துடுப்பாட்டப் போட்டிகளின் பெருமையையும், பரிசளிப்பு விழாக்களின் சிறப்பையும், மறைந்த ஆசிரியப் பெருந்தகைகளின் குணநலன்களையும் என்னிலும் வல்ல நண்பர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுதக் கிடந்தது ஓர் ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றியே. கல்லூரி மலரில் அதற்கென்ன இடமென்று வாசகர் வினவலாம். அப்படத்தை நான் பார்த்ததும் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர்தான். ஆயினும், அதன் முதற் காட்சி நமது விடுதி மாடியிலேயே நடந்தேறிவிட்டது என்பது என் எண்ணம். அதனையே முதலிற் சொல்லுகிறேன்.

1963ஆம் ஆண்டு. விடுதியில் அந்நாளில் ஆவியழைக்கும் பித்து ஒன்று பரவியிருந்தது. இரவு விளக்கணைத்த பின்னர், மேல்மாடியின் கோடியறையில், மெழுகுதிரி வெளிச்சத்தில், ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வோம். அப்பியாசக் கொப்பியின் தாளிற் கத்தரித்த ஆங்கில எழுத்துக்கள் 26உம் வட்டமாக வைக்கப்படும். ஒரு புறம் 'ஆம்' என்பதற்கும் மறுபுறம் 'இல்லை' என்பதற்கும் ஆங்கிலத்தில் எழுதிய துண்டுகள். நடுவே சாப்பாட்டு மண்டபத்திலிருந்து களவாக எடுத்துவந்த கண்ணாடிக் குவளை. எத்தனைமுறை கழுவினாலும் அதில் மோர் மணம் போவதில்லை. அதனைக் கவிழ்த்துவைத்து, ஒவ்வொருவரும் ஒரு விரலை மெல்ல வைத்துக் காத்திருப்போம். குவளை எழுத்துக்கு எழுத்து ஓடி விடை சொல்லும். காந்தியடிகள் வந்தார், நெப்போலியன் வந்தான். நாவலர் பெருமானை அழைக்கவேண்டுமென ஒருவன் சொன்னபோது மற்றவர்கள் அஞ்சித் தடுத்துவிட்டார்கள். வந்தவர் யாராயினும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள் என்பதை அப்போது எவரும் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களையும் பரப்புவதற்கு அம்மேசையில் இடமேது!

எங்கள் வகுப்பில் வன்னிப் பகுதியிலிருந்து வந்த மாணவன் ஒருவன் இருந்தான். அவன் பெயரை இங்கு எழுதவில்லை. அவன் இன்று உயிரோடில்லை; இருந்த காலத்தில் இதனை எழுத நான் துணியவுமில்லை. அவ்வாண்டில் அவனது தாயார் காலமானார். தந்தி பிந்திவந்தமையால் அவன் ஊர்போய்ச் சேர்ந்தபொழுது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அந்தியேட்டி கழிந்து, மொட்டையடித்த தலையோடு விடுதிக்குத் திரும்பினான். சில நாட்களின் பின், எங்கள் ஆவி மேசையருகே வந்து நின்று, "நானும் ஒராளைக் கூப்பிடலாமோ?" என்று கேட்டான்.

யாரை என்று எவரும் கேட்கவில்லை. விரல்களை வைத்தோம். குவளை அசையவில்லை. அன்றுவரை நெப்போலியனுக்காகக் குதித்தோடிய குவளை அன்றைக்குக் கல்லாய்க் கிடந்தது. எல்லோருடைய விரல்களும் அஞ்சிப் போயிருந்தன என்று இன்று விளங்குகிறது. மெழுகுதிரி உருகியது. அவன் முகத்தை நான் பார்த்தேன். பின்னர் குவளை நகர்ந்தது. நகர்த்தியவன் நான்.

சுகமாக இருப்பதாகவும் நன்றாகப் படிக்கும்படியும் அது எழுத்துக் கூட்டியது. அவன் தாழ்ந்த குரலில், "நான் வரேல்லை எண்டு கோபமோ?" என்று கேட்டான். குவளையை 'இல்லை' என்ற துண்டின்மேற் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான். அந்தியேட்டியின் பின்னர் அவன் முழு இரவும் உறங்கியது அன்றுதான் என அடுத்த கட்டிலிற் கிடந்தவன் சொன்னான்.

இரண்டொரு நாளில் விடுதி மேற்பார்வையாளர் குவளையைக் கைப்பற்றி, ஆளுக்கு 50 சதம் தண்டமும் விதித்தார். செய்தி விஞ்ஞான ஆசிரியரின் காதிலும் விழுந்தது. அவர் கோபிக்கவில்லை. மைக்கல் பரடே என்னும் பேரறிஞர் 1853ஆம் ஆண்டில், ஆவிகளால் மேசை சுழல்கிறதென்ற கூற்றைச் சோதித்த வரலாற்றை வகுப்பிற் கூறினார். இரு பலகைகளுக்கிடையே கண்ணாடி உருளைகளை வைத்து, மேசையைச் சுற்றியிருந்தோரின் கைகளே, அவர்கள் அறியாதவாறு, அதனைத் தள்ளுகின்றன என்பதைப் பரடே காட்டினாராம். "பொய் சொல்வது அவர்களின் நோக்கமன்று, தாம் தள்ளுவது அவர்களுக்கே தெரியாது" என்றார் ஆசிரியர். வகுப்பு முழுவதும் ஆறுதலடைந்தது. எனக்கு மட்டும் அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. என் விரல் அறிந்தே தள்ளியது.

நான்கு ஆண்டுகள் சென்றபின், பேராதனையில் மாணவனாக இருந்த காலத்தில், ஒரு மாலை மாணவர் சிலர் கூடித் திரையிட்ட படமொன்றைப் பார்க்கச் சென்றேன். 'சேயான்ஸ் ஒன் எ வெற் ஆஃப்ரர்நூன்' என்பது அதன் பெயர். மழை பெய்யும் ஒரு பிற்பகலில் நடைபெறும் ஆவியழைப்பு என்பது பொருள். 1964இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். மார்க் மக்சேன் எழுதிய நாவலைத் தழுவித் திரைக்கதை அமைத்து நெறிப்படுத்தியவர் பிறையன் போர்ப்ஸ். பெரிய கலையகங்களின் தயவை நாடாது, அவரும் நடிகர் றிச்சேட் அற்றன்பரோவும் தாமே ஒரு சிறு நிறுவனத்தை அமைத்துத் தயாரித்த படங்களுள் இதுவும் ஒன்று. பேய்ப்படம் பார்க்கும் ஆவலோடு சென்றோமே தவிர, இவ்விவரங்கள் எவையும் அப்போது எங்களுக்குத் தெரியா.

பேய் எதுவும் வரவில்லை. இலண்டனின் புறத்தேயுள்ள ஒரு பழைய வீடு. அதில் மைறா என்னும் நடுவயதுப் பெண்ணும் பில்லி என்னும் அவளது கணவனும் வாழ்கின்றனர். இறந்தோருக்கும் இருப்போருக்கும் இடையே நின்று செய்தி சொல்லும் 'மீடியம்' எனப்படும் தொழில் அவளுடையது. நம்மூரில் வாக்குச் சொல்பவர் என்போமே, ஏறத்தாழ அது போன்றது. வாரந்தோறும் சிலர் வந்து, இருட்டறையில் வட்டமாகக் கைகோத்து அமர்வர். ஆதர் என்னும் அவள் மகனே மறுவுலகிலிருந்து அவளுக்கு வழிகாட்டுகிறான். மகன் இறந்துவிட்டான், ஆயினும் அவள் நாள்தோறும் அவனோடு பேசுகிறாள், அவன் சொற்படி நடக்கிறாள், அவனுக்கென ஓர் அறையையும் வைத்திருக்கிறாள்.

தன் ஆற்றலை உலகம் மதிக்கவில்லை என்ற தாபம் அவளை ஒரு கொடிய திட்டத்துக்கு இட்டுச் செல்கிறது. செல்வர் ஒருவரின் சிறு மகளைக் கணவன் கவர்ந்து வரவேண்டும். பணம் கேட்டுக் கடிதம் எழுதவேண்டும். பின்னர் மைறா தன் ஞானதிருட்டியாற் கண்டதுபோலக் குழந்தை இருக்கும் இடத்தையும் பணம் இருக்கும் இடத்தையும் வெளியிடுவாள், புகழ் பரவும். குழந்தைக்குத் தீங்கெதுவும் நேராது, கடன் வாங்குவது போலத்தான் என்று அவள் கணவனுக்கு அமைதி கூறுகிறாள். ஆதரின் அறை வைத்தியசாலை அறைபோல மாற்றப்படுகிறது. நோயுற்றிருப்பதாகக் குழந்தையை நம்பவைத்து, கணவன் வைத்தியர்போல முகத்தை மூடிக்கொண்டும், மனைவி தாதிபோல உடுத்தும் அதனைப் பார்த்துக்கொள்கின்றனர். இதற்கிடையே குழந்தையின் தாய், பரிதவித்து, அந்த வீட்டுக்கே வந்து, அந்த ஆவி வட்டத்திலேயே அமர்கிறாள். அவளது குழந்தை மேல்மாடியிற் கிடக்கிறது!

பணத்தைக் கைப்பற்றும் பகுதி நகரத்தின் சனநெருக்கத்தில் நடைபெறுகிறது. பார்த்தோர் பலர் அதனையே வியந்து பேசினர். எனக்கோ அது சற்று நீண்டுவிட்டதாகத் தோன்றியது. எப்போது மீண்டும் அந்த வீட்டுக்குள் போவோம் என்றே இருந்தேன். படத்தின் உயிர் அந்த இரண்டு பேருக்கிடையேயுள்ள மௌனத்திலேயே கிடக்கிறது.

கிம் ஸ்ரான்லி என்னும் அமெரிக்க நாடக நடிகை மைறாவாக நடித்தார். திரைப்படங்களில் மிக அரிதாகவே தோன்றிய அவருக்கு இப்படத்துக்காக நியூ யோர்க் விமரிசகர்களின் பரிசு கிட்டியது. ஒஸ்கார் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஒரு கணம் குழந்தைபோலக் குழைவதும், மறுகணம் கணவனைக் கண்ணாலேயே ஆட்டிப்படைப்பதும், அவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ வெறித்துப் பார்ப்பதுமாக அவர் காட்டிய நடிப்பு எந்தப் புகழுக்கும் தகும். ஆயினும் என் கண் கணவனையே சுற்றியது. அற்றன்பரோ அப்பாத்திரத்துக்கென ஒட்டுமூக்கு வைத்து, தொய்வு நோயாளியின் தளர்ந்த நடையோடு தோன்றுகிறார். பில்லி எதையும் நம்புபவன் அல்லன். மனைவி சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஆமென்று தலையசைக்கிறான். ஏனென்றாற் படத்தின் பிற்பகுதியில் ஓர் உண்மை வெளியாகிறது. ஆதர் வாழ்ந்து மறைந்த மகன் அல்லன். பிறக்கும்போதே உயிரற்றுப் பிறந்தவன். தாய் அவன் முகத்தைக்கூடக் கண்டதில்லை. கண்டவன் தந்தை மட்டுமே. அத்தனை ஆண்டுகளும், வழிகாட்டும் அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்லாமல், பில்லி தன் பங்குக்கு அந்தப் பொய்யைக் காத்து வந்திருக்கிறான். வஞ்சகத்தாலன்று. அவள் முறிந்துபோவாள் என்ற அச்சத்தாலும் அன்பாலும்.

அவ்விடத்தில் என் முதுகு சில்லிட்டது. குவளையைத் தள்ளிய விரல் அந்த மனிதனுடையது. மைறா பரடே கூறிய வகையினள். தன் கை தள்ளுவது அவளுக்குத் தெரியாது. பில்லிக்குத் தெரியும். ஓர் இரவு ஒரு நண்பன் உறங்கவேண்டுமென்று நான் தள்ளினேன். அவனோ ஆண்டுக்கணக்காகத் தள்ளினான். அந்தப் பொய் வளர்ந்து வளர்ந்து, தனக்குத் துணையாக அந்தச் சிறுமியும் வேண்டுமென ஆதர் கேட்கிறான் என்று மைறா சொல்லும் கட்டத்துக்கு வந்து சேர்கிறது. துணையாக வேண்டுமென்றால், அவனிருக்கும் உலகுக்கு அவளை அனுப்பவேண்டும் என்பது பொருள். பில்லி குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுப்புறம் போகிறான். முடிவில், வீட்டுக்கு வந்த பொலிஸ் அதிகாரிகளின் வேண்டுகோளின்படி மைறா மீண்டும் ஆவியழைக்க அமர்கிறாள். அவள் வாயாலேயே யாவும் வெளிப்பட்டுவிடுகிறது. பில்லி குழந்தையைக் கொல்லவில்லை. பிறர் கண்டெடுக்கக்கூடிய இடத்திலேயே விட்டு வந்திருக்கிறான். அந்த ஒரேயொரு முறைதான் அவன் ஆதரின் சொல்லை மீறினான்.

மைறாவுக்கு மெய்யாகவே ஏதேனும் ஆற்றல் இருந்ததா என்ற கேள்விக்குப் படம் நேர்விடை தரவில்லை. தராமல் விட்டதே நன்று. பின்னாளில், 2000ஆம் ஆண்டில், கியோஷி குரொசாவா என்னும் யப்பானிய நெறியாளர் இதே நாவலைத் தழுவி மற்றொரு படம் எடுத்தார். அதில் கணவன் ஒலிப்பதிவுத் தொழில் செய்பவன், ஆவிகள் மெய்யாகவே வருகின்றன, குழந்தையும் இறந்துவிடுகிறது. அச்சம் அதில் மிகுதி. எனக்கு ஆங்கிலப் படமே நெருங்கியதாயிருக்கிறது. ஆவி வந்துவிட்டால், விரல் வைத்தவனின் பழி குறைந்துவிடுகிறதல்லவா?

துயருற்றோர் அறிவிலிகளாகையால் இவற்றை நம்புகின்றனர் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. கம்பியில்லாத் தந்தியின் முன்னோடிகளுள் ஒருவரான பௌதிகவியல் அறிஞர் சேர் ஒலிவர் லொட்ஜ், 1915இல் தம் மகனைப் போரிற் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டிலேயே, மீடியங்களின் வாயிலாக அம்மகன் தம்மோடு பேசினான் என்று மகன் பெயராலேயே ஒரு நூலை வெளியிட்டார். ஆவியுலகில் அவருக்கு அதற்கு முன்னரும் ஈடுபாடு இருந்ததென்பது உண்மைதான். ஆனால் அளவுகருவிகளோடு வாழ்ந்த ஒருவர் அந்த வட்டத்திற் கைகோத்து அமர்ந்தபோது எந்தக் கருவியைத் தேடியிருப்பார்? 34 ஆண்டுகள் கணிதம் கற்பித்த நான் அவரை நகைக்கமாட்டேன்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலையை இம்மலரின் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் தீவில் மட்டும் 30,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய தினம் தாய்லாந்துக் கரையில் அதே அலை றிச்சேட் அற்றன்பரோவின் மகளையும் பேத்தியையும் மகளின் மாமியாரையும் கொண்டுசென்றது. செய்தித்தாளில் அதனைப் படித்தபோது, 'காந்தி' படத்தை நெறிப்படுத்திய பெரியவர் என்றே பலர் அவரைப்பற்றிப் பேசிக்கொண்டனர். எனக்கு நினைவில் வந்தது ஒட்டுமூக்கு வைத்த பில்லி. 40 வயதளவில், இறந்த பிள்ளையின் தந்தையாக நடித்தவர் 81 வயதில் அந்தச் செய்தியைக் கேட்டார். அதன்பின் 10 ஆண்டுகள் அளவில் வாழ்ந்து 2014இல் மறைந்தார்.

2005இல், ஏ-9 பாதை திறந்திருந்த காலம். பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு என் வன்னி நண்பன் வந்திருந்தான். கரையோரப் பிரதேசமொன்றில் அரசாங்க அலுவலனாக இருந்தான். இளைப்பாறுவதற்கு இரண்டு ஆண்டுகளே இருந்தன. அலைக்குப் பின்னர், இறந்தோர், காணாமற்போனோர் பட்டியல்களைத் தயாரிப்பது அவன் கடமையாயிற்று. மெலிந்திருந்தான். கூட்டம் முடிந்து, தேநீருக்கு இன்னும் மணியடிக்காத வேளையில், பழைய விடுதிக் கட்டடத்துக்கு எதிரேயுள்ள வேம்பின்கீழ் இருவரும் அமர்ந்தோம். அவன் மேல்மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்டைக்குக் கிளாசைத் தள்ளினது நீதானே, மச்சான்?" என்றான்.

42 ஆண்டுகள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எப்போது தெரியுமென்று கேட்டேன்.

"அண்டைக்கே தெரியும். அம்மாவுக்கு இங்கிலீசில ஒரு எழுத்தும் தெரியாது."

நெப்போலியனுக்கும் காந்தியடிகளுக்கும் ஆங்கிலம் தந்த எங்கள் மேசை, வன்னிக் கிராமமொன்றில் ஐந்தாம் வகுப்போடு நின்ற அந்தத் தாய்க்கும் ஆங்கிலத்தையே தந்தது. வகுப்பில் முதலாம் பிள்ளையாயிருந்த எனக்கு அது தோன்றவேயில்லை. பின்னர் ஏன் அழுதாய் என்று கேட்டேன். "கோபமில்லை எண்டு ஆராவது ஒராள் சொல்லவேணும் போல கிடந்தது. நீ சொன்னாய்" என்றான்.

சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவனுடைய பட்டியலில் ஒரு தாய். இரண்டு பிள்ளைகள். ஒன்றைப் புதைத்தாயிற்று, மற்றதன் உடல் கிடைக்கவில்லை. வாக்குச் சொல்லும் ஒரு பெண்ணிடம் போயிருக்கிறாள். பிள்ளை மேற்குத் திசையில், ஒரு வீட்டில், உயிரோடு இருப்பதாக வாக்கு வந்திருக்கிறது. வாக்குச் சொன்னவளும் கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவள்தான். மரணத்தைப் பதிவதற்கான படிவத்தை இந்தத் தாய் மூன்று முறை வந்தும் ஒப்பமிடாது திரும்பிப் போனாள். நான்காம் முறை வந்து, அவன் மேசைக்கு முன்னால் நின்று, "ஐயா, நீங்கள் படிச்சனீங்கள். பிள்ளை இருக்குதோ இல்லையோ? நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன்" என்று கேட்டாள்.

"எனக்கு உன்ர விரல்தான் ஞாபகம் வந்தது, மச்சான். இருக்கும் எண்டு சொல்ல வாய் உன்னினது. ஆனால் அவ இன்னும் எத்தினை வருசம் மேற்குப் பக்கமாத் தேடித் திரியப் போறா? அம்மா, பிள்ளை இனி வராது எண்டு சொன்னன்."

அவள் அழவில்லையாம். படிவத்தை வாங்கி ஒப்பமிட்டாளாம். வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "ஐயாவுக்குப் பிள்ளையள் இல்லையோ?" என்று மட்டும் கேட்டாளாம்.

அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

"நீ எண்டால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று அவன் என்னைக் கேட்டான். நான் பேராதனையிற் பார்த்த படத்தை அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். பில்லி குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகும் இடம்வரை வந்தேன். அதற்குள் தேநீருக்கு மணி அடித்தது. இருவரும் எழுந்து சாப்பாட்டு மண்டபத்தை நோக்கி நடந்தோம்.